வாசலில் நின்று கேட்கும் கேள்வி: சுங்கை சிப்புட்டில் ஒரு கூடுதல் கணித வகுப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடை வரிசை ஒன்றின் மாடியில், சனிக்கிழமைதோறும் காலை எட்டரை மணியிலிருந்து பத்தரை மணி வரை நடக்கும் படிவம் 4 (இடைநிலைப்பள்ளி நான்காம் ஆண்டு) கூடுதல் கணிதப் பிரத்தியேக வகுப்பில் என் மகள் நான்கு மாதங்களாகப் படித்து வருகிறாள். பாடம் நடத்துபவர் இடைநிலைப்பள்ளியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. மாதக் கட்டணம் 70 வெள்ளி (ரிங்கிட்). மாணவர்கள் பதினாறு பேர். அவர்களுள் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வாழும் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும்) வருகிறவர்கள். ஆசிரியையின் அனுமதியோடு, ‘சார்புகள்’ என்னும் முதல் அத்தியாயம் நடந்த நான்கு வாரங்களும் நான் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டேன். ஆகவே இந்த மதிப்புரை அந்த அத்தியாயத்தை, அதிலும் குறிப்பாக ஒரு சார்பின் (உள்ளே போகும் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விடை தரும் தொடர்பின்) சார்பகத்தையும் (உள்ளே போகக்கூடியவை) வீச்சகத்தையும் (வெளியே வரும் விடைகள்) கண்டுபிடிக்க அவர் கற்றுக்கொடுத்த முறையைப் பற்றியது. மற்ற அத்தியாயங்களை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால் அவற்றைத் தொடவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகுப்பு 70 வெள்ளிக்கு மேல் பெறும். காரணம், கணக்கைச் செய்யத் தொடங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பதையும், அந்தக் கேள்விக்குத் தமிழில் தெளிவான சொற்கள் இருக்கின்றன என்பதையும் இந்த ஆசிரியை பிள்ளைகளின் மனத்தில் பதிய வைத்துவிடுகிறார். குறைகளும் உண்டு, அவற்றுள் ஒன்று பாடத்தின் உயிர்நாடியையே தொடுகிற குறை. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இங்கே வருவதற்கு முன் என் மகள் ஈப்போவில் வேறொரு பிரத்தியேக வகுப்பில் இரண்டு மாதம் படித்தாள். அங்கே முதல் நாளிலேயே ஓர் அட்டவணையைக் கொடுத்தார்கள். இடப்பக்கம் சார்பின் வடிவம், வலப்பக்கம் அதன் சார்பகம், அதற்கடுத்து வீச்சகம். இதை மனப்பாடம் செய்தால் போதும் என்றார்கள். அவளும் செய்தாள். அட்டவணையில் இருந்த வடிவம் அப்படியே வந்தால் விடை எழுதுவாள். வர்க்கமூலத்துக்குள் இருக்கும் குறி சற்று இடம் மாறினாலும் தடுமாறி நிற்பாள். நானும் 1994இல் எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதியில் எழுதும் அரசுத் தேர்வு) எழுதியபோது இப்படித்தான் படித்தேன். அதனால் அந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைத் தீர்க்கும் வழி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சிக்கலின் ஒரு பாதி மொழியில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் கணிதத்தைத் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதையே மலாய் மொழியில் படிக்கத் தொடங்குகிறது. படிவம் 4 வரும்போது ‘டோமேன்’ (சார்பகம்), ‘கொடோமேன்’ (துணைச் சார்பகம்), ‘ஜூலாட்’ (வீச்சகம்) என்று மூன்று சொற்கள் ஒரே பக்கத்தில் வந்து விழுகின்றன. இவற்றுள் ‘ஜூலாட்’ என்னும் சொல் செய்கிற குழப்பத்தை இந்த வகுப்பில்தான் நான் புரிந்துகொண்டேன். அதே படிவம் 4இல், சாதாரணக் கணிதப் பாடத்தின் புள்ளியியல் அத்தியாயத்திலும் ‘ஜூலாட்’ வருகிறது. அங்கே அதற்குப் பொருள், தரவுகளில் மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழித்தால் வருகிற ஒற்றை எண். கூடுதல் கணிதத்திலோ அது ஒரு கணம். சார்பிலிருந்து வெளிவரும் எண்கள் அனைத்தின் தொகுப்பு. ஒரு சார்பின் ‘ஜூலாட்’ என்ன என்று கேட்ட கேள்விக்கு, 3 முதல் 12 வரை என்று எழுத வேண்டிய இடத்தில் என் மகள் 9 என்று எழுதியிருந்தாள். ஈப்போ வகுப்பில் அதற்குச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி மட்டும் கிடைத்தது. இந்த ஆசிரியை அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “பன்னிரண்டிலிருந்து மூன்றைக் கழித்தாயா, அம்மா?” என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். அவர் உடனே வெண்பலகையில் ‘வீச்சு’ என்றும் ‘வீச்சகம்’ என்றும் இரண்டு சொற்களை எழுதினார். புள்ளியியலில் வருவது வீச்சு, அது ஓர் எண். சார்பில் வருவது வீச்சகம், அது எண்கள் குடியிருக்கும் இடம் என்றார். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரண்டு பொருள்களைத் தமிழ் இரண்டு சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை அந்த நொடியில்தான் நான் கவனித்தேன். நாற்பத்தைந்து வயதைக் கடந்த எனக்கே உடல் சிலிர்த்தது.

முதல் வாரம் அவர் எண்களையே எடுக்கவில்லை. பலகையின் இடப்பக்கத்தில் பதினாறு மாணவர்களின் பெயர்களையும், வலப்பக்கத்தில் ஏழு ஊர்ப் பெயர்களையும் எழுதி, ஒவ்வொரு பெயரிலிருந்தும் அவரவர் ஊருக்கு ஓர் அம்பு போடச் சொன்னார். எல்லாரும் போட்டு முடித்தபோது வலப்பக்கத்தில் இரண்டு ஊர்களுக்கு அம்பே வரவில்லை. இடப்பக்கத்தில் இருப்பவர்கள் சார்பகம். வலப்பக்கத்தில் எழுதி வைத்த ஏழும் துணைச் சார்பகம். அம்பு வந்து தைத்த ஐந்து மட்டுமே வீச்சகம். ஒருவரிடமிருந்து இரண்டு அம்புகள் புறப்பட்டால் அது சார்பாகாது. ஒரே ஊரில் பல அம்புகள் வந்து தைப்பதில் தவறில்லை. இதைச் சொல்லிவிட்டு, இங்கே வாய்பாடு (சூத்திரம்) எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கச் சொன்னார். சார்பு என்றாலே ஒரு வாய்பாடு என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது, ஜெர்மானியக் கணித அறிஞர் டிரிஷ்லே 1837இல், ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஒரே ஒரு வெளியீடு உறுதியாகக் கிடைத்தால் அது சார்பு, அதற்கு வாய்பாடு இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று வரையறுத்தார் என்று ஒரே வாக்கியத்தில் வரலாற்றையும் தொட்டுச் சென்றார். அந்த ஒரு வாக்கியம் தேவையான இடத்தில், தேவையான அளவில் வந்தது.

இரண்டாம் வாரம்தான் இந்த வகுப்பின் சிறப்பு. ஆசிரியை அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘வாசல் கேள்வி’. சார்பை ஒரு வீடாக எண்ணிக்கொள்ளுங்கள், கணக்குப் போடுவது வீட்டுக்குள் நடக்கும் வேலை, அதற்கு முன் வாசலில் நின்று யாரையெல்லாம் உள்ளே விடலாம் என்று கேளுங்கள் என்றார். படிவம் 4 அளவில் வாசலில் தடுக்கப்படுகிறவர்கள் மூன்றே வகை. பின்னத்தின் பகுதியை (கீழ் எண்ணை) பூஜ்ஜியமாக்குகிறவர்கள், இரட்டைப்படை மூலத்துக்குள் குறை எண்ணைக் கொண்டுவருகிறவர்கள், மடக்கைக்குள் (லாகரிதத்துக்குள்) பூஜ்ஜியத்தையோ குறை எண்ணையோ கொண்டுவருகிறவர்கள். மடக்கை நான்காம் அத்தியாயத்தில்தான் வரும் என்பதால் மூன்றாவதைப் பெயரளவில் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

முதல் வகையை அவர் நடத்திய விதத்தை அப்படியே சொல்ல விரும்புகிறேன். எக்ஸிலிருந்து 3ஐக் கழித்து, வரும் எண்ணால் 1ஐ வகுக்கும் சார்பு. பிள்ளைகள் எல்லாரிடமும் காசியோ எஃப்எக்ஸ்-570 வகைக் கணிப்பான் இருந்தது. 3ஐப் போட்டுப் பாருங்கள் என்றார். பதினாறு திரைகளிலும் ‘மேத் எரர்’ என்று வந்தது. பெரும்பாலான வகுப்புகளில் பாடம் இங்கே முடிந்துவிடும். இவர் முடிக்கவில்லை. கணிப்பான் ஏன் மறுக்கிறது என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று, ஏனென்றால் மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு. அப்படியானால் ஆறைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் வரும் விடையைப் பூஜ்ஜியத்தால் பெருக்கினால் ஆறு வர வேண்டுமே, அப்படி ஓர் எண்ணைக் காட்டுங்கள் என்றார். அதன் பிறகு 3க்குப் பக்கத்தில் இருக்கும் எண்களைப் போடச் சொன்னார். 2.9க்கு −10, 2.99க்கு −100, 2.999க்கு −1000. மறுபக்கத்திலிருந்து 3.1க்கு 10, 3.01க்கு 100. ஒரு பக்கம் பாதாளத்துக்கும் மறுபக்கம் ஆகாயத்துக்கும் ஓடுகிற எண்களை நோட்டில் எழுதி முடித்தபோது, சார்பகம் 3ஐத் தவிர்த்த மெய்யெண்கள் அனைத்தும் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொண்டார்கள். எஸ்.பி.எம். தாள்களில் ‘எக்ஸ் ஆனது கே-க்குச் சமமாகாது, கே-யின் மதிப்பு என்ன’ என்று அடிக்கடி கேட்கப்படும் கேள்வி உண்டு. பகுதியைப் பூஜ்ஜியத்துக்குச் சமன்படுத்தி விடை எழுதத் தெரிந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, அந்தக் கே வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஆள் என்று தெரியும்?

வர்க்கமூலத்துக்கு வந்தபோது, எக்ஸிலிருந்து 2ஐக் கழித்து மூலம் எடுக்கும் சார்பைக் கொடுத்தார். ஒரு பையன் ‘2ஐ விடப் பெரிய எண்கள்’ என்று எழுதினான். தவறு என்று அவர் சொல்லவில்லை. “ரெண்டு வாசலில் வந்து நிற்கிறது, தம்பி. ஏன் உள்ளே விடவில்லை?” என்றார். அவன் போட்டுப் பார்த்தான்; பூஜ்ஜியத்தின் மூலம் பூஜ்ஜியம், எந்தத் தடையும் இல்லை. ஆகவே 2உம் அதற்கு மேலும். உடனே அதே வர்க்கமூலத்தைப் பகுதிக்குக் கொண்டுபோய், 1ஐ அதனால் வகுக்கச் சொன்னார். இப்போது 2க்கு வாசல் மூடிக்கொண்டது. ‘பெரியது’ என்பதற்கும் ‘பெரியது அல்லது சமம்’ என்பதற்கும் இடையிலுள்ள சிறு கோடு அழகுக்குப் போட்டதல்ல, ஓர் எண்ணின் உரிமை அது என்பது அந்த இரண்டு கணக்குகளை அடுத்தடுத்து வைத்தபோதுதான் விளங்கியது. அடுத்து, 6இலிருந்து எக்ஸின் இருமடங்கைக் கழித்து மூலம் எடுக்கும் கணக்கு. பாதிப் பேர் ‘3க்கு மேல்’ என்று எழுதினார்கள். குறை எண்ணால் வகுக்கும்போது சமனிலிக் குறி திரும்ப வேண்டும் என்பதை மறந்துவிட்டார்கள். அந்த விதியை மீண்டும் சொல்வதற்குப் பதிலாக, எழுதிய விடையிலிருந்து ஓர் எண்ணை எடுத்து உள்ளே போட்டுப் பார்க்கும் பழக்கத்தை அவர் கற்றுக்கொடுத்தார். 5ஐப் போட்டால் மூலத்துக்குள் −4 வருகிறது. ஆகவே விடை தவறு. 1ஐப் போட்டால் 4 வருகிறது. ஆகவே 3ம் அதற்குக் கீழும். இப்போது என் மகள் எந்தச் சார்பகத்தை எழுதினாலும், ஓரத்தில் பென்சிலால் இப்படி ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்த தடம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதற்கடுத்து வந்தது. எக்ஸின் வர்க்கத்திலிருந்து 9ஐக் கழித்து, அதை எக்ஸிலிருந்து 3ஐக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். தொகுதியைக் காரணிப்படுத்தினால் மேலும் கீழும் ஒரே காரணி. அடித்துவிட்டால் எக்ஸோடு 3ஐக் கூட்டுவது மட்டுமே மிஞ்சும். பிள்ளைகள் மகிழ்ச்சியோடு அடித்துவிட்டு, சார்பகம் எல்லா மெய்யெண்களும் என்று எழுதினார்கள். வாசல் கேள்வியை எப்போது கேட்டீர்கள், அடிப்பதற்கு முன்பா, பின்பா என்று கேட்டார் ஆசிரியை. சுருக்கிய பிறகு கேட்டால் 3 உள்ளே நுழைந்துவிடும். ஆனால் கொடுக்கப்பட்ட சார்பு 3ஐ ஏற்கவே இல்லை. ஆகவே சார்பகத்தில் 3 கிடையாது, வீச்சகத்தில் 6 கிடையாது; நேர்க்கோட்டில் ஒரே ஒரு புள்ளி அளவுக்குத் துளை. கைபேசிச் செயலியில் வரைந்து பார்த்த ஒரு மாணவி, கோடு அறுபடாமல் ஓடுவதாகத்தான் தெரிகிறது என்றாள். புள்ளிக்கு அகலம் இல்லை, அகலமில்லாத துளையைத் திரை எப்படிக் காட்டும் என்று அவர் பதில் சொன்னார். செயலிகள் பயனற்றவை என்று இதற்குப் பொருளல்ல. வகுப்பிலேயே அவர் அவற்றைப் பயன்படுத்துகிறார். கண்ணை நம்பி வாசல் கேள்வியை விட்டுவிடக் கூடாது என்பதே அவர் பிடித்த பிடி.

வாய்பாடு தடுக்காவிட்டாலும் பொருள் தடுக்கும் இடங்கள் உண்டு என்பதற்குச் செம்பனைக் குலையை எடுத்தார். வெட்டிய குலைகளின் எடையை ஒரு டன்னுக்கான கூலியால் பெருக்கும் சார்பில் −3ஐப் போட்டாலும் கணிப்பான் விடை தரும். ஆனால் மூன்று டன் குறையாகக் குலை வெட்டிய ஆள் எந்தத் தோட்டத்திலும் இல்லை. நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணியாக இருப்பவன். மறுநாள் வேலைக்குப் போய் உட்கார்ந்தபோது, இத்தனை ஆண்டுகளாக என் முன்னால் ஒரு சார்பு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது என்பது தெரிந்தது. மேடையில் ஏறும் லாரியின் எடை பூஜ்ஜியத்திலிருந்து 60 டன் வரை எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம், அது சார்பகம். திரையில் தெரியும் எண்ணோ பத்துப் பத்துக் கிலோவாகத்தான் ஏறும். 18,437 கிலோ லாரிக்கும் 18,442 கிலோ லாரிக்கும் திரை 18,440 என்றுதான் காட்டும். உள்ளே போகிற எண்கள் இடைவெளியின்றி இருக்க, வெளியே வருகிற எண்கள் பத்தின் மடங்குகளாக மட்டும் விட்டு விட்டு நிற்கின்றன. அடுத்த சனிக்கிழமை இதை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் என்னைப் பலகைக்கு அழைத்து, படிக்கட்டு போன்ற அந்த வரைபடத்தை வரையச் சொன்னார். பிள்ளைகள் முன்னால் வரைந்தேன்.

மூன்றாம் வாரம் வீச்சகம். சார்பகத்தைக் கண்டுபிடிக்கத் தடைகளைத் தேடினால் போதும். வீச்சகத்துக்குச் சார்பின் போக்கு முழுவதையும் பார்க்க வேண்டும். இங்கே பிள்ளைகள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு முனைகளை மட்டும் போட்டுப் பார்த்து, வந்த இரண்டு விடைகளுக்கு இடையில் எல்லாம் அடங்கிவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். எக்ஸின் வர்க்கம், அதிலிருந்து 4 எக்ஸ் கழித்து, 7 கூட்டல். சார்பகம் 0 முதல் 5 வரை. 0க்கு 7, 5க்கு 12. வகுப்பு முழுவதும் 7 முதல் 12 வரை என்றது. ஆசிரியை ஒரு மெல்லிய கம்பியை வளைத்து, பலகையில் வரைந்த பரவளையத்தின் மேல் பொருத்தினார். பிறகு நீண்ட மர அளவுகோலைக் கிடையாகப் பிடித்து, பலகையின் அடியிலிருந்து மெதுவாக மேலே உயர்த்தினார். ஒய் அச்சில் 1, 2 என்று ஏறும்போது அளவுகோல் எதையும் தொடவில்லை. 3இல் கம்பியின் அடிவளைவைத் தொட்டுச் சிறு ஒலி கேட்டது. அங்கிருந்து 12 வரை தொட்டுக்கொண்டே சென்றது. அதற்கு மேல் விட்டுவிட்டது. தொடத் தொடங்கிய இடம் 3, விட்ட இடம் 12. அதுவே வீச்சகம் என்றார். அதன் பிறகே வர்க்கப் பூர்த்தி செய்து, எக்ஸிலிருந்து 2ஐக் கழித்து வர்க்கப்படுத்தி 3ஐக் கூட்டும் வடிவத்துக்கு மாற்றி, வர்க்கம் ஒருபோதும் குறையாகாது என்பதால் மிகச் சிறிய விடை 3 என்று இயற்கணித வழியிலும் நிறுவினார். அளவுகோல் கம்பியில் பட்ட அந்த ஒலி பிள்ளைகளின் காதில் இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன். என் காதில் இருக்கிறது.

முனைகளை மட்டும் போடும் பழக்கத்தை வேரோடு பிடுங்க அவர் வைத்திருந்த அடுத்த கணக்கு ஒரு மட்டுச் சார்பு. எக்ஸை இரட்டித்து, 3ஐக் கழித்து, விடையின் குறியை நீக்க வேண்டும். சார்பகம் −1 முதல் 4 வரை. ஒரு முனையில் 5, மறுமுனையிலும் 5. இரண்டும் ஒன்றாக வந்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 5 முதல் 5 வரை என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. ஒரு மாணவி தானாகவே எழுந்து போய் அளவுகோலை எடுத்தாள். சார்பு 1.5இல் பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. வீச்சகம் 0 முதல் 5 வரை. கேள்வியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிப் பாடம் நடந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

நான்காம் வாரத்தைப் பற்றி இதே அளவு பாராட்ட முடியவில்லை. சேர்ப்புச் சார்பையும் (ஒன்றின் விடையை இன்னொன்றுக்குள் போடுவது) நேர்மாறு சார்பையும் (விடையிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்புவது) ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று ஆசிரியை விரைந்தார். முதலில் வர்க்கமூலம் எடுத்துப் பிறகு வர்க்கப்படுத்தினால் கிடைப்பது எக்ஸேதான், ஆனால் சார்பகத்தில் குறை எண்கள் இல்லை என்பது அருமையான செய்தி. அது இரண்டு நிமிடத்தில் கடந்துபோனது. எக்ஸின் இருமடங்கோடு 1ஐக் கூட்டி, எக்ஸிலிருந்து 3ஐக் கழித்த எண்ணால் வகுக்கும் சார்பின் வீச்சகத்தை, சார்பைத் திருப்பி எழுதிக் கண்டுபிடிக்கும் வழியையும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். ஒய் என்பது விடை என்று வைத்துக்கொண்டு எக்ஸைத் தனிப்படுத்தினால், ஒய்யின் மும்மடங்கோடு 1ஐக் கூட்டி, ஒய்யிலிருந்து 2ஐக் கழித்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது எக்ஸ் என்று வரும். அந்தப் புதிய பகுதியிடமும் அதே வாசல் கேள்வியைக் கேட்டால் ஒய் 2ஆக இருக்க முடியாது என்பது தெரியும். அதுவே வீச்சகத்தில் விடுபட்ட எண். நேர்மாறு சார்பின் சார்பகம் மூலச் சார்பின் வீச்சகமாகிறது என்ற இந்த இணைப்பு அத்தியாயத்தின் சிகரம். அதற்கு ஒரு முழு வாரம் கொடுத்திருக்க வேண்டும். அன்று மாலை என் மகளும் நானும் சமையலறை மேசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துதான் அதைப் பிடித்தோம். வீட்டில் உடன் உட்கார ஆளில்லாத பிள்ளைகள் அன்று வெறுங்கையோடு போயிருப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

இனி, முன்பு குறிப்பிட்ட குறை. வகுப்பில் கொடுக்கப்படும் பயிற்சித் தாள்கள் நகலின் நகலாக எடுக்கப்படுகின்றன. வரைபடத்தைப் பார்த்துச் சார்பகத்தையும் வீச்சகத்தையும் எழுதச் சொல்லும் கணக்குகளில், கோட்டின் முனையில் நிரப்பிய வட்டம் இருந்தால் அந்த எண் உள்ளே, நிரப்பாத வட்டம் இருந்தால் வெளியே. நகலெடுக்கும் இயந்திரத்தின் மை பரவி, எங்களுக்குக் கிடைத்த தாளில் எல்லா வட்டங்களும் கறுப்பாக நிரம்பியிருந்தன. ஆறாவது கேள்வியில் −2இல் தொடங்கும் கோட்டுக்கு என் மகள் ‘−2 அல்லது அதற்கு மேல்’ என்று எழுதினாள். விடைத்தாளில் ‘−2க்கு மேல்’ என்று இருந்தது. அவள் தன் அறிவின் மீது சந்தேகப்பட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அந்தக் கறுப்பின் நடுவே ஊசிமுனை அளவுக்கு வெண்மை இருந்தது. வாசலில் ஓர் எண்ணுக்காக அவ்வளவு நேரம் வாதாடும் வகுப்பில், அந்த எண் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை மை தீர்மானிக்கக் கூடாது. நான் சொன்னதும் ஆசிரியை வருந்தி, மறுவாரம் எல்லாத் தாள்களிலும் வட்டங்களைப் பேனாவால் திருத்திக் கொடுத்தார். ஆனால் அதற்கடுத்த வாரத் தாளில் பழைய நிலையே திரும்பியது. ஒருமுறை தெளிவாகத் தட்டச்சு செய்து வைத்தால் தீர்ந்துவிடும் வேலை இது. அதற்குப் பெற்றோர்கள் உதவத் தயாராக இருக்கிறோம் என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மற்றவை சிறிய குறைகள். பத்தரைக்கு முடிய வேண்டிய வகுப்பு பதினொன்றை நெருங்கிவிடுகிறது; பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கு அது தொல்லை. வீட்டுப்பாடத்தை அவர் பார்க்கிறார், ஆனால் எல்லாருடையதையும் எல்லா வாரமும் பார்ப்பதில்லை. கலைச்சொற்களைத் தமிழிலும் மலாயிலும் தருகிறார். இருமொழித் திட்டத்தில் ஆங்கிலத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகள் மூன்றாவது சொல்லைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பயிற்சித் தாளின் மேல் விளிம்பில் மும்மொழியிலும் நான்கு சொற்களை எழுதி வைத்தால் இந்தக் குறை நீங்கிவிடும்.

விரைவாகப் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுத் தள்ளி, தேர்வுக்கு முன் எண்ணிக்கையைக் கூட்ட விரும்பும் மாணவருக்கு இந்த வகுப்பு மெதுவாகத் தோன்றும். ஒரு சனிக்கிழமையில் எட்டுக் கணக்குகளுக்கு மேல் இங்கே நடப்பதில்லை. தமிழ்ப்பள்ளியில் கணிதத்தை விரும்பிப் படித்து, இடைநிலைப்பள்ளியில் மொழி மாறியதும் அந்த விருப்பத்தைத் தொலைத்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நம் வட்டாரத்தில் நான் பார்க்கவில்லை. சென்ற மாதம் பள்ளியில் நடந்த சோதனைத் தாளை என் மகள் காட்டினாள். ஒவ்வொரு கணக்குக்கும் முதல் வரியில், கேட்கப்படாத இடத்திலும், மலாய் மொழியில் சார்பகத்தை எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போயிருந்தாள். அந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது. அதை எழுதச் சொல்லி யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

பிள்ளைகளைச் சேர்க்க விரும்புவோர் சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் மாடிக்குச் சென்றால் ஆசிரியையை நேரில் பார்த்துப் பேசலாம். முதல் வகுப்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை. படிக்கட்டு செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே உண்டு. பிள்ளைகளிடம் கணிப்பானோடு ஒரு சிவப்புப் பேனாவையும் கொடுத்தனுப்புங்கள். தாள் கைக்கு வந்ததும், ஆசிரியையிடம் இருக்கும் மூலத் தாளோடு ஒப்பிட்டு, எந்த வட்டம் நிரப்பியது, எது நிரப்பாதது என்று குறித்துக்கொண்ட பிறகு கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள்.